மொட்டை மாடியில் ஒன்பது மூட்டைக் கரிசல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊருக்கு, குச்சியை ஒடித்துச் செருகினால் அடுத்த வாரம் துளிர் விடுகிற ஊருக்கு, நான் மண் கொண்டுவந்தேன். ஒரு மூட்டை இரண்டு மூட்டை இல்லை, ஒன்பது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவுக்கு மிளகாய் வற்றல் ஏற்றிவரும் லாரியில், வற்றலுக்கு அடியில் போட்டு அண்ணன் அனுப்பிவைத்தான்.

கடைத்தெருவில் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதற்கென்று ஆட்கள் உண்டு. அவர்களைத் தாண்டி நாமே தூக்கிவிட முடியாது. அவர்களில் மூத்தவர் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார்.

"இதில எந்தா அண்ணாச்சி?"

"மண்ணு."

"மண்ணோ?"

மற்ற நாலு பேரையும் கூப்பிட்டார். வரிசையாக வந்து மூட்டை வாயைப் பிரித்துக் கைவிட்டுப் பார்த்தார்கள். கோவிலில் விபூதி எடுப்பதுபோல ஒருவர் இரண்டு விரலால் எடுத்து முகர்ந்தார். கடைசியில் மூத்தவர் என் தோளில் தட்டிச் சொன்னார். "அடுத்த தடவ கொஞ்சம் வெயிலும் கொண்டு வரணும், கேட்டோ."

நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் கூடவே சிரித்துவிடுவது என் வழக்கம். செலவில்லாத வேலை.

வெளியூரில் பிழைக்கிறவர்கள் எழுதும் இந்தப் பக்கத்துக்கு என்னை எழுதச் சொன்னதே ஒரு வேடிக்கைதான். மற்றவர்கள் கடல் தாண்டியவர்கள். பனி, பாஸ்போர்ட், விமான நிலையம் என்று எழுதுகிறார்கள். நான் தாண்டியது ஆரியங்காவுக் கணவாய். காலையில் ஊரில் இட்லி தின்றுவிட்டு பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். ஆனாலும் இந்த ஐப்பசியோடு வந்து இருபத்திரண்டு வருஷம். "எப்ப ஊருக்குத் திரும்புத?" என்று யார் கேட்டாலும் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். துபாய்க்காரன்கூட இரண்டு தடவை வீடு கட்டித் திரும்பி வந்துவிட்டான். நாலு மணி நேரப் பயணத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

2

மண் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

நான் வற்றல் மொத்தக்கடையில் எடை போடுகிறவன். போன வருஷம் முதலாளியின் மகன் கம்ப்யூட்டர் தராசு வாங்கினான். மூட்டையை வைத்தால் அதுவே எடை சொல்லும், அதுவே பில் அடிக்கும். எனக்கும் அதற்கும் சண்டை ஒன்றும் இல்லை. முதலாளி நல்லவர், போ என்று சொல்லவில்லை. "மத்தியானத்துக்கு மேல நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். சம்பளமும் என்கூட ரெஸ்ட் எடுக்க வந்துவிட்டது.

என் வீட்டுக்காரி லட்சுமி அதே கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் நைட்டி பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்பதுதான், உட்கார ஸ்டூல் கிடையாது. மகள் அபி பிளஸ் டூ. ஆகவே மத்தியானத்துக்கு மேல் வீட்டில் நான் மட்டும். சமையல் என் தலையில் விழுந்தது.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சந்திரிகா சேச்சியின் மாடி வீட்டுக்கு மேல், மொட்டை மாடியில் பாதியை மறித்துத் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. மீதிப் பாதி திறந்த மாடி. அதற்கு நேர் கீழே சேச்சியின் படுக்கையறை. சேச்சி ஏதோ சர்க்கார் ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. மகன் பெங்களூரில். இருபது வருஷமாகத் தமிழ் ஆட்களுக்கே வாடகைக்கு விட்டு, தனக்கென்று ஒரு தமிழ் வைத்திருக்கிறார். அதில் பாதி மலையாளம், மீதி கண்டிப்பு.

குறைந்த காசில் சமைப்பது எப்படி என்று நான் ஒரு வகுப்பே எடுக்கலாம். பீர்க்கங்காய் வாங்கினால் முதல் நாள் தோலை வதக்கித் துவையல், மறுநாள் சதையைப் பாசிப்பருப்போடு கூட்டு. வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி, உப்பு மஞ்சளில் வேகவைத்துப் பொரியல். முள்ளங்கி இலையைத் தூக்கிப் போடுகிறவர்கள் வீட்டில் பணம் இருக்கிறது என்று அர்த்தம். காய்கறிக் கடையில் சாயங்காலம் ஓரமாகக் கூட்டி வைத்திருக்கும் பூசணிக் கீற்று எனக்கென்றே வெட்டியதுபோல இருக்கும். குருணை அரிசியில் கஞ்சி காய்ச்சி, வறுத்த சிறுபயறு போட்டு வைத்தால் அபி இரண்டு கிண்ணம் குடிப்பாள். நான் என்ன செய்தாலும் ஊர் ருசி வராது என்பது லட்சுமியின் தீர்ப்பு.

"தண்ணி வேற, அதான்" என்பேன்.

"தண்ணியக் குத்தம் சொல்லாதீங்க. உப்ப மறந்துட்டீங்க" என்பாள்.

அரிசியை வெளியில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ரேஷன் கார்டை இங்கே மாற்றியிருந்தால் போதும். மாற்றவில்லை. அடுத்த வருஷம் திரும்பிப் போகிறவன் எதற்குக் கார்டை மாற்ற வேண்டும்? இருபத்திரண்டு வருஷமாக ஊர் ரேஷன் கடையில் என் பெயர் இருக்கிறது. அரிசியை அண்ணன் வீட்டுக் கோழி தின்கிறது.

இப்படி ஒரு நாள் வெண்டைக்காய் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு மாடி ஏறும்போதுதான் அந்த யோசனை வந்தது. மாடி சும்மா கிடக்கிறது, நானும் சும்மா கிடக்கிறேன்.

3

இந்த ஊர் மண் சிவப்பு. கல்லும் சரளையுமாக இருக்கும். அதில் மரவள்ளி வரும், வாழை வரும், தென்னை வரும். நமக்குத் தெரிந்த சீனியவரையும் கத்தரியும் மிளகாயும் அதில் வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

புரட்டாசி முதல் வாரம் மண் வந்து இறங்கியது. நாலு மூட்டையை வாய் திறந்து அப்படியே தொட்டியாக வைத்தேன். மீதி ஐந்தையும் மாடி மூலையில் செங்கல் வரிசை கட்டி உள்ளே கொட்டினேன். பாத்தி. பாத்திக்கு அந்த மூலையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால் தரை அங்கேதான் கொஞ்சம் சரிவாக இருந்தது, ஈரம் தங்கும் என்று. மாடித் தண்ணீர் வடிந்து குழாயில் இறங்கும் துவாரமும் அதே மூலையில்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். மேலே உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து மூடினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சேச்சி துணி காயப்போட வந்தார். மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது தண்ணி குடிச்சா விடாத மண்ணு. துலாம் மாசத்து மழை வருது. கொஞ்சம் மணலும் சகிரியும் சேர்க்கணும்."

சகிரி என்றால் தேங்காய் நார்.

"சேச்சி, எங்க ஊர்ல ஐப்பசி மழைய நம்பித்தான் வெதைக்கவே செய்வோம்" என்றேன்.

"அது உங்க ஊரு மழை."

"மழையில என்ன சேச்சி எங்க ஊரு உங்க ஊரு? மேல ஒரே ஆளுதான் ஊத்துதாரு."

சேச்சி சிரிக்கவில்லை. சேச்சிக்கு என் ஜோக்கு எதுவும் இறங்காது. ஒருவேளை எல்லாம் இறங்கித்தான் சிரிக்காமல் இருக்கிறாரோ என்னவோ.

முதல் இருபது நாள் நான்தான் ராஜா. வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தது. விதை போட்ட ஐந்தாம் நாள் தண்டங்கீரை, எட்டாம் நாள் வெண்டை, கத்தரி நாற்று இலை பிரித்தது. காலையில் கடைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை, சாயங்காலம் லட்சுமி வருவதற்குள் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். கரிசலில் ஈரம் காயும்போது ஒரு வாசனை வரும். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்தால் வாசனை உள்ளே வரும். அப்போது அடுப்பில் எது இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் கீரையைப் பறித்துப் பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தேன். லட்சுமி ஒரு வாய் வைத்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நல்லாருக்கு" என்றாள்.

"ஊரு மண்ணுல்லா."

"உப்பும் போட்டிருக்கீங்க."

அபி கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். தோழியோடு பேசும்போது நான் அச்சன். என்னோடு பேசும்போது அப்பா. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது தப்பில்லை. ஆனால் அச்சனைப் பற்றி அவள் பேசும்போது குரலில் இருக்கும் ஒரு சிரிப்பு, அப்பாவோடு பேசும்போது இருப்பதில்லை.

4

துலாம் மாத மழையைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். நம் பக்கம் ஐப்பசி மழை என்பது வானத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கும் விருந்தாளி. இங்கே அது ஆபீஸ் ஊழியர். காலை முழுக்க வெயில் அடிக்கும். இரண்டு மணிக்கு மலைப் பக்கம் கறுக்கும். இரண்டரைக்கு இடி. மூன்று மணிக்கு ஊற்றத் தொடங்கினால் ஆறு மணி வரைக்கும். மறுநாள் அதே நேரம், அதே இடி.

நான் கடையிலிருந்து ஒரு மணிக்கு வருவேன். மூட்டு வலிக்கு இரண்டு மாடி ஏறுவது ஒரு பயணம். ஏறி உட்கார்ந்தால் மழை வந்து கதவை அடைத்துவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் ரேடியோ கேட்காது, போனில் பேச முடியாது, யோசிக்கக்கூட சத்தமாக யோசிக்க வேண்டும். அடுப்பு, நான், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் பாத்தி. இப்படி மூன்று மூன்று மணி நேரமாக ஒரு மாதம்.

கரிசல் தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. முதல் வாரம் உப்பியது. செங்கல் வரிசை வெளியே சாய்ந்தது. இரண்டாம் வாரம் தோசை மாவாக இளகி நடக்க ஆரம்பித்தது. கத்தரி மஞ்சளடித்து நின்றது. சீனியவரையின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகிய வாடை. வெண்டையில் இரண்டு பிஞ்சு விட்டது, அதைப் பறித்துப் புளிக்குழம்பில் போட்டேன், மூன்று பேரும் தேடித் தேடித் தின்றோம். மூட்டைகளை வைத்திருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குளம். மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் வடியாமல் நின்றது. மழை தொடங்கியதிலிருந்து சேச்சி துணி காயப்போட மேலே வருவதில்லை.

வடியாது. துவாரத்தின் மேலிருந்த ஓட்டுத் துண்டைத் தள்ளிவிட்டு மண் குழாய்க்குள் இறங்கிவிட்டது. குச்சியை விட்டுக் குத்தினேன். பிசினில் குத்துவதுபோல இருந்தது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த நாளைக்கு அப்படியே நகர்ந்துகொண்டே போனது.

ஒரு காலையில் சேச்சி கீழே கூப்பிட்டார். படுக்கையறைக் கூரையில் ஒரு கறை. பப்பாளி அளவு.

"இது எங்கிருந்து வருது?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வரிதான். என் மண் குழாயை அடைத்துவிட்டது சேச்சி, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். வாய் அப்படிச் சொல்லத்தான் திறந்தது.

"பழைய கட்டடம்லா சேச்சி" என்றது.

அன்றைக்கு மாலையே ஒரு கட்டுக் கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து இன்னொரு கட்டு. கறை பலாப்பழ அளவாகியது. சேச்சி கட்டிலை நகர்த்தி, கீழே ஒரு வாளி வைத்தார். வாளியைச் சுற்றிக்கொண்டு போய் நான் கீரையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

5

இதற்கு நடுவில் வில்லேஜ் ஆபீஸ். அபி அடுத்த வருஷம் கல்லூரியில் சேர, இங்கே குடியிருக்கிறோம் என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும். அதற்கு நடப்பில் இருக்கும் வாடகை ஒப்பந்தம் வேண்டும். எங்கள் ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பது. துலாம் மாதக் கடைசியோடு முடிகிறது. சேச்சி ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரி.

கிளார்க் பாரத்தை வாங்கிப் பார்த்தார். தற்போதைய விலாசம், நிரந்தர விலாசம் என்று இரண்டு கட்டம். என் கையால் நிரப்பியது.

"நாடு எவிடெயா?"

"சங்கரன்கோவில் பக்கம் சார்."

"எத்ர வருஷமாயி இவிடெ?"

"இருபத்திரெண்டு."

அவர் பேனாவால் நிரந்தர விலாசத்தைத் தட்டினார். "பின்னெ இது எந்தா?"

நான் விளக்கத் தொடங்கினேன். பூர்வீக வீடு, அண்ணன், எனக்கொரு பங்கு, அடுத்த வருஷம் போகப் போகிறோம். என் மலையாளம் நல்ல மலையாளம்தான், ஆனால் அவசரத்தில் வினைச்சொல் எல்லாம் தமிழுக்கு ஓடிவிடும். கிளார்க் அபியைப் பார்த்தார். அபி இன்னொரு பாரம் வாங்கி, நின்றவாக்கில் நிரப்பினாள். இரண்டு கட்டத்திலும் சேச்சி வீட்டு விலாசம். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். நான் போட்டேன். அவர் ஒப்பந்தத்தின் நகல் கேட்டார், அடுத்த வாரம் என்றோம்.

அதே நாள் இருட்டின பிறகு சேச்சி மேலே ஏறி வந்தார். லட்சுமியும் வீட்டில் இருந்தாள். சேச்சி உட்காரவில்லை.

"கான்ட்ராக்டர் வந்து என் ரூம்ல நின்னு பார்த்துட்டுப் போனாரு. கூரை முழுக்கப் பொளிச்சு மாத்தணும்ங்கறாரு. மோனும் அதையேதான் போன்ல சொல்றான், இந்தத் தகர ஷெட்டையும் எடுத்திரலாம்னு. எனக்கும் வயசாச்சு. ஒப்பந்தம் இனி புதுக்க வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாருங்க."

லட்சுமி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பிள்ளைக்குப் பரீட்சை வருது சேச்சி" என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும் லட்சுமி. கூரை விழுந்தா பரீட்சை எழுத முடியுமோ?"

கூரைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தவன் அந்த அறையில் ஒருவன்தான். ஒரு குழாயைச் சுத்தம் செய்தால் முடிகிற காரியம். நான் ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும், ஒப்பந்தம் கிடைக்கும், சர்டிபிகேட் கிடைக்கும், மகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள்.

சொல்லவில்லை. பயத்தில் சொல்லவில்லை என்று நானே என்னிடம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பிடிபட்டது. எனக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷம். இங்கே வீடு இல்லையென்றால் லட்சுமி என்ன செய்வாள்? ஊருக்கு வரத்தான் வேண்டும். அபி நம் ஊர்ப் பள்ளியில் எழுதட்டும். நானாக ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி இருபத்திரண்டு வருஷமாக நடக்காத காரியம், யாரோ போகச் சொல்லி நடந்துவிடும். என்மேல் ஒரு குற்றமும் வராது. பழைய கட்டடம், மழை, சேச்சியின் மகன். அண்ணனுக்குப் போன் போட்டு, "தை மாசம் வந்தாலும் வந்திருவோம்னு நெனைக்கேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

கீரைக் காம்பு முழுவதையும் இலையோடு சேர்த்துக் குழம்பில் போட்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் துப்பித் துப்பிச் சாப்பிட்டோம்.

6

அபி பள்ளியிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். மாடி வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே வரவில்லை. நான் அடுப்படியில் சேப்பங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கையை முழங்கை வரை குழாய்த் துவாரத்துக்குள் விட்டுக் குனிந்து நிற்கிறாள். யூனிபார்மோடு. மழை அவள் முதுகில் விழுகிறது.

"ஏய், உள்ள வா, சளி பிடிக்கும்" என்றேன்.

வந்தாள். என் ஈயத் தட்டை எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து கிழங்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டில் ஒரு கறுப்பு உருண்டை. குழாயின் வட்டம் அப்படியே அதில் பதிந்திருந்தது.

"அப்பா, இது எந்தா?"

"கருப்பட்டி மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"இது அடைச்சிருக்குன்னு. முன்னாடியே தெரியுமா?"

நான் கிழங்கை உரித்தேன். உரித்த கிழங்கையே மறுபடியும் உரித்தேன்.

"எனக்கு மார்ச்ல எக்ஸாம் அப்பா" என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

நான் பின்னால் போய் நடுப்படியில் நின்றேன். சேச்சி கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டீ, ரூஃபினு கொழப்பம் ஒண்ணுமில்ல. பைப் அடஞ்ஞதா. அச்சன்றெ மண்ணா."

கூரைக்கு ஒன்றுமில்லை, குழாய் அடைத்திருக்கிறது, அப்பாவுடைய மண். இவ்வளவுதான். பதினைந்து நாளாக என் வாயிலிருந்து வராத இரண்டு வரியை அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டாள். சேச்சி என்ன சொன்னார் என்று மழையில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் அழும் குரலா சிரிக்கும் குரலா என்று தெரியாத ஒரு சத்தம். அபி மேலே வந்தபோது தலை துவட்டியிருந்தது. சேச்சி வீட்டுத் துண்டு.

லட்சுமி கடையிலிருந்து வந்ததும் சேச்சி அவளைக் கீழேயே நிறுத்திவைத்துப் பேசினார். அவள் மேலே வந்து சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். நான் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"கெழங்கு வேகல" என்றாள்.

7

சேச்சியின் நிபந்தனை ஒன்றுதான். மண் முழுவதும் கீழே இறங்க வேண்டும். கூலி ஆள் கூடாது. நானே இறக்க வேண்டும்.

ஒன்பது மூட்டையாக ஏறிய மண், தண்ணீரோடு பதினாறு மூட்டையாக இறங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை, காலையில் மழை வருவதற்கு முன். முழங்கால் ஒவ்வொரு படியிலும் ஒரு அபிப்பிராயம் சொன்னது. இறக்கியாயிற்று, எங்கே போடுவது? இந்த ஊரில் பிளாஸ்டிக்கைக் கொடுக்க ஆள் உண்டு, எச்சில் சோற்றைக் கொடுக்க வாளி உண்டு. மண்ணை வாங்க ஆள் இல்லை. வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் பெண்ணிடம் கேட்டேன். "அண்ணா, இது வேஸ்ட் அல்லல்லோ, மண்ணல்லே" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனாள். சேச்சி தன் தென்னை மூட்டில் போடச் சம்மதிக்கவில்லை. "மரம் மூச்சு விடணும்" என்றார்.

கடைசியில் பின்பக்கத்துக் காலி மனையில் பள்ளம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பதினாறு மூட்டையும் ஒரு மூலைக்குக்கூடப் பற்றவில்லை. அன்று சாயங்காலமே டிப்பரில் செம்மண் வந்து அதன்மேல் விழுந்தது.

ஒப்பந்தம் போட்டாயிற்று. பதினொரு மாதம் இல்லை, மூன்று வருஷம். லட்சுமிதான் கேட்டிருக்கிறாள். குடியிருப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர். நான் சாட்சி. நான் குடியிருக்கும் வீட்டுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், பேனா நன்றாக எழுதியது. அபிக்குச் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது.

இப்போது மாடியில் அபி ஆறு பை வைத்திருக்கிறாள். செம்மண், மணல், தேங்காய் நார், கொஞ்சம் சாணம். சேச்சி சொன்ன அளவு. பயறும் சிவப்புக் கீரையும் வந்திருக்கிறது. நேற்றுப் பயறு பறித்துத் தேங்காய் துருவிப் போட்டுத் தோரன் வைத்தேன். நன்றாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் யோக்கியமாக இருக்காது.

கடைசி மூட்டையை இறக்கிய அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சேச்சி கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்துப் பேசினார். அந்தச் சூட்டில் எனக்கு வாய் இளகிவிட்டது. நடந்ததை ஒரு தமாஷாக்கிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"உள்ளதச் சொல்லிருதேன் சேச்சி. நீங்க போகச் சொன்னா சாக்கு கெடச்சிரும், மூணு பேருமா ஊருக்குப் போயிரலாம்னு ஒரு ஆசை. அதான் வாயத் தெறக்கல."

சேச்சி என் கையிலிருந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"மூணு பேரா? நான் சொன்ன மறுநாளே லட்சுமி பின்னால ரோட்டில ஒரு ரூம் பார்த்து அட்வான்ஸும் பேசியாச்சு, அண்ணாச்சி. ஒத்த ரூம். அவளுக்கும் குட்டிக்கும் மட்டும்."